பேச்சுத் தமிழையும் கற்பிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தச் சட்டம் தமிழையும் இலங்கையின் அரசகரும மொழியாக்கியது. 2007 யூலை முதல் அரச சேவையில் சேர்பவர்கள் மற்றைய அரசகரும மொழியில் ஐந்தாண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதியும் வந்தது. வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால் சிங்கள உத்தியோகத்தர்களுக்கு நாம் கற்பிப்பது பெரும்பாலும் எழுத்துத் தமிழையே. "நான் நேற்று வந்தேன்" என்று பிழையின்றி எழுதிச் சித்தியடைந்த ஒருவர், பிரதேச செயலகத்துக்குக் காணி அலுவலாக வந்த மூதாட்டி "நேற்றும் வந்தனான் தம்பி, இண்டைக்கு வரச் சொன்னவை" என்றதும் திகைத்துப்போய், தமக்குத் தமிழ் வராது என்றே முடிவுகட்டிவிடுகிறார். மூதாட்டியின் கையிலுள்ள கடிதத்தை அவரால் வாசிக்க முடியும். மூதாட்டியின் வாய்ச்சொல்லைத்தான் பிடிக்க முடிவதில்லை. சிங்களம் கற்கும் எமது பிள்ளைகளுக்கும் இதே இடர்ப்பாடு உண்டு: எழுத்தில் எழுவாய்க்கேற்ப மாறும் வினைமுற்று, அம்மொழியின் பேச்சு வழக்கில் அவ்வாறு மாறுவதில்லை. ஆகவே தொடக்க வகுப்புகளில் பேச்சுமொழியையும், முறைசொல்லி அழைக்கும் வழக்கத்தையும் காது பழகக் கற்பித்து, எழுத்து வழக்கை அதன்மேல் வளர்க்குமாறும், பரீட்சையில் உரையாடலுக்குக் கூடுதல் புள்ளிகள் ஒதுக்குமாறும் உரிய அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மொழி ஆசிரியர்,
யாழ்ப்பாணம்.