கொழிஞ்சாம்பாறை நரம்பியல் கண்காட்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

இத்தாலிய விஞ்ஞானி ரீட்டா லெவி-மொண்டால்சினியின் நரம்பு வளர்ச்சி ஆராய்ச்சியைப் படமாக மட்டும் மாட்டாமல், முட்டைக்குள்ளேயே காட்டுவது என்று முடிவானதும் இந்த வட்டாரம் பொருளாகவும் உழைப்பாகவும் அள்ளிக் கொடுத்தது. ரீட்டாவின் ஆய்வுக்கே எளிய பொருள்தான் தேவைப்பட்டது. 1938-இல் இத்தாலியின் இனச் சட்டங்கள் யூதரான அவருக்குப் பல்கலைக்கழகக் கதவைச் சாத்தின. பிறகு டூரினில் படுக்கையறையில் அவர் நடத்திய ஆய்வுக்கு முதலீடு கோழிமுட்டையும் தீட்டிய தையல் ஊசியும் கடிகாரக்காரர் இடுக்கியும்தான்.

முதல் நன்றி, சேவலோடு மேயும் கோழிகளின் முட்டை தந்த எருத்தேம்பதி, வேலந்தாவளம் வீட்டுக்காரர்களுக்கு. சேவல் சேராத கடை முட்டையை எத்தனை நாள் அடை வைத்தாலும் கரு வராது. இட்ட தேதியைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தீர்களே, அது பேருதவி. ஒரு வாரம் தாண்டினால் கரு பிடிப்பது குறையும். நம்மூர் வெயிலில் வீட்டு மூலையில் கிடக்கும் முட்டைகூட அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துப்போகும். பைக்கில் வந்த முட்டையை உடனே அடை வைக்கக் கூடாது. அகன்ற முனை மேலே இருக்கும்படி அரை நாள் அசையாமல் விட வேண்டும். குலுங்கிய காற்றறை அதற்குள் நிலைப்படும்.

தெர்மாகோல் பெட்டியில் இரண்டு 40 வாட் குண்டு பல்பு, தெர்மோஸ்டாட், பழைய கம்ப்யூட்டர் ஃபேன் பொருத்திய எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு அடுத்த நன்றி. ஃபேன் இல்லாவிட்டால் பெட்டியின் மேலும் கீழும் சூடு ஒன்றாக இருக்காது. சென்சார் முட்டை மட்டத்தில், 37.5 டிகிரி, கீழே அகலக் கிண்ணத்தில் தண்ணீர். சூடு சற்றுக் குறைந்தால் கரு தாங்கும், கூடினால் தாங்காது. கரண்டு போன நேரத்தில் இன்வெர்ட்டர் இழுத்துத் தந்த தையல் கடைக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

கருவைப் பார்க்க முட்டை ஓட்டில் சன்னல் திறக்கும் வேலைக்கு வாட்ச் கடைக்காரர் கூர்நுனி இடுக்கியும், மருந்துக்கடைக்காரர் சிரிஞ்சும் தந்தார்கள். படுக்கவைத்து மூன்று நாள் அடைகாத்த முட்டையின் அகன்ற முனையில் ஊசி செருகி 2 முதல் 3 மில்லி வெள்ளைக்கரு உறிஞ்ச வேண்டும். அதைச் செய்யாமல் முட்டையின் ஓட்டை வெட்டினால் ஓட்டோடு ஒட்டியிருக்கும் கரு கிழிந்துவிடும். பிறகு மேற்பரப்பில் செல்லோடேப் ஒட்டி, வளைந்த கத்தரியால் 2 செ.மீ. வட்டம். சிவப்பு ரத்தக் குழாய் வளையம், நடுவில் துடிக்கும் இதயம், பக்கவாட்டில் பின்னர் காலாக வளரும் கால் மொட்டு. பார்த்ததும் டேப்பால் மூட வேண்டும், இல்லையேல் காய்ந்துவிடும். ஐந்தாம் நாள் ஃபிரிட்ஜில் வைத்து முடித்துக்கொண்டோம்.

ரீட்டா செய்ததுபோல் அந்தக் கால் மொட்டை வெட்டிக் காட்டவில்லை. அது பழகிய கை செய்யும் வேலை. வெட்டினால் அந்தப் பக்கத்து நரம்பணுக்கள் குறையும். அவை பிறக்கவே இல்லை என்பது அமெரிக்காவில் கரு வளர்ச்சியை ஆராய்ந்த விக்டர் ஹாம்பர்கரின் கருத்து. பிறந்து, ஊட்டம் கிடைக்காமல் சாகின்றன என்று காட்டியவர் ரீட்டா. 1947-இல் ஹாம்பர்கரே அவரை செயின்ட் லூயிஸுக்கு அழைத்தார். 1952-இல் ரியோவில் ஹெர்த்தா மேயரின் ஆய்வகத்தில் எலியின் புற்றுக் கட்டித் துண்டுக்கு அருகே வைத்த நரம்பு முடிச்சைச் சுற்றி இழைகள் ஒளிவட்டமாகச் சிலிர்த்தன. கட்டியிலிருந்து கசிந்து நரம்பை வளர்த்த அந்த ஊட்டப் பொருளைப் பிரித்தெடுத்தவர் உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன். 1986 நோபல் இருவருக்கும் சேர்ந்து கிடைத்தது.

நரம்பிழை தெரியும்படி வெள்ளிச் சாயமிட்ட (சில்வர் நைட்ரேட்) ஸ்லைடு செய்து தந்த கல்லூரி ஆய்வக உதவியாளருக்கும், டிஸ்டில்டு வாட்டர் தந்த பேட்டரிக் கடைக்கும் நன்றி. குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதிலுள்ள குளோரைடு சில்வர் நைட்ரேட்டோடு சேர்ந்து வெள்ளையாகத் திரியும்.

கடைசியாக, தமிழிலும் மலையாளத்திலும் பலகை எழுதிய ஆசிரியைக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும். மணிக்கட்டு வெட்டுப்பட்டவர்கள், சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் எல்லாரும் "ரீட்டா கண்ட அந்த ஊட்டப் பொருளை எனக்கு ஊசியாகப் போடலாமா?" என்றுதான் கேட்டார்கள். பொய் நம்பிக்கை தராமல் இருவரும் பதில் சொன்னார்கள்: தைத்துச் சேர்த்த கை நரம்பு நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும், மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை மாதக்கணக்காகும். ரீட்டா கண்ட பொருள் உணர்வு நரம்பையும், உடல் தானாகச் செய்யும் வேலைகளைக் கவனிக்கும் சிம்பதெடிக் நரம்பையும் வளர்க்குமே தவிர, தசையை இயக்கும் நரம்பை அல்ல. ஊசியாகப் போட்டால் வலியைக் கூட்டும். கண்ணின் முன்புறக் கண்ணாடிப் படலத்தில் (கார்னியா) நரம்பு குன்றி வரும் புண்ணுக்குச் சொட்டு மருந்தாக 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது.

இடுக்கியும் இன்வெர்ட்டரும் உரியவர்களிடம் சேர்ந்துவிட்டன. பெட்டி எங்களிடம்தான் இருக்கிறது. பள்ளிகள் கேட்டால் தருகிறோம். முட்டை வைப்பதற்கு ஒரு நாள் முன்பே ஓடவிட்டுச் சூடு நிலைத்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்காட்சிக் குழுவினர்