தேனிலவுக்கு ஏரிக்கரைக் குடில் விடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலை மேல் ஏரிக்கரையில் ஒற்றையாக நிற்கும் குடில்களைப் புதுமணத் தம்பதிகளுக்கு வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கும், அவற்றைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் விளம்பரங்களில் தவறாமல் இருக்கும் வரி ஒன்று உண்டு: சுற்றிலும் யாருமே இல்லை. கல்யாணக் கூட்டத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்த இரண்டு பேருக்கு அதைவிட ஆசை காட்டும் வரி வேறு கிடையாது. நானும் கணவரும் அதைப் பார்த்துத்தான் பணம் கட்டினோம். இருந்த நாட்கள் நன்றாகவும் இருந்தன. காலையில் ஏரி மேல் கிடக்கும் பனி மெல்ல மெல்லக் கரைந்து எதிர்க்கரை மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிப்பதை, யாரோடும் பேசாமல், எந்த வேலைக்கும் எழாமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறோம். அதனால் குறை சொல்லித் தீர்க்கவேண்டும் என்று இதை எழுதவில்லை. யாருமே இல்லை என்றால், ஒன்று ஆகிவிட்டால் கதவைத் தட்டவும் யாரும் இல்லை என்றுதான் அர்த்தம். அந்தப் பக்கத்தை நீங்கள் இன்னும் சரியாக யோசிக்கவில்லை என்று தோன்றுகிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மற்ற பயணிகளை யாராவது ஒருவர் தேடுவார். நண்பர்கள் கூட்டமாக வந்தால் ஒருவரைக் காணோம் என்று மற்றவர்கள் கிளம்புவார்கள், தனியாக வந்தவருக்கு வீட்டிலிருந்து ராத்திரி போன் வந்துவிடும். தேனிலவுக்கு வந்தவர்களை மட்டும் யாரும் தேடமாட்டார்கள். இரண்டு நாள் பதில் வராவிட்டாலும் அம்மாவே, 'விடு, அவர்களைத் தொந்தரவு செய்யாதே' என்பார். நண்பர்கள் மெசேஜ் அனுப்பக்கூடத் தயங்குவார்கள். நீங்களும் உங்கள் ஆட்களிடம் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லி வைத்திருப்பீர்கள், அது மரியாதைதான், தப்பில்லை. ஆனால் உள்ளே இருக்கும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டால் வெளியில் தெரியப்போவது அறையைக் காலி செய்யும் நாளில்தான். ஆகவே மற்ற எந்தத் தங்குமிடத்தையும்விட உங்கள் குடில் ஒருபடி கவனமாக இருந்தாகவேண்டும்.

இரண்டு பேரையும் ஒன்றாகச் சாய்ப்பது என்றால் முதலில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுதான். விறகடுப்பு, கேஸ் ஹீட்டர், குளியலறை கேஸ் கீசர், ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓடும் ஜெனரேட்டர், உள்ளே கொண்டு வந்து வைத்த கரித்தட்டு என எதிலிருந்தும் வரலாம். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அந்த ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அப்புறம் தூக்கம் மாதிரி வரும் ஒரு தளர்ச்சி. ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருப்பவர்கள் இது எதையும் உணராமலே போய்விடலாம். கரியில் தீ அடங்கிவிட்டது, இனி ஆபத்தில்லை என்று நினைப்பார்கள். தணல் கனன்றுகொண்டிருக்கும்வரை வாயு வந்துகொண்டேதான் இருக்கும். குளிர் ஊரில் கதவு ஜன்னல் எல்லாம் இறுக்கமாக அடைத்து வைத்திருக்கும்போது அது போவதற்கும் இடமில்லை.

நாங்கள் தங்கிய இடத்தில் இதற்கான அலாரம் இருக்கத்தான் இருந்தது. சமையல் மேடைக்குக் கீழே இழுப்பறையில், பாட்டில் திறப்பானுக்கும் பழைய சாவிக்கொத்துக்கும் நடுவில், பேட்டரியைக் கழற்றிவிட்டுப் போட்டிருந்தார்கள். பின்புறம் அச்சடித்திருந்த மாற்றவேண்டிய ஆண்டும் கடந்து போயிருந்தது. அலறிக்கொண்டே இருந்தது, அதனால் எடுத்துவிட்டோம் என்றார் பார்த்துக்கொள்பவர், சாதாரணமாக. பேட்டரி தீர்ந்தாலும் ஆயுள் முடிந்தாலும் அது விட்டு விட்டு ஒலிக்கும், அதுதான் அதன் வேலை. உள்ளே இருக்கும் சென்சார் மாடலைப் பொறுத்து 5 முதல் 10 ஆண்டு வரைதான் உழைக்கும், பேட்டரி மட்டும் மாற்றிக்கொண்டே காலத்துக்கும் ஓட்ட முடியாது. அதைத் தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், விருந்தினர் மாறும்போதெல்லாம் பட்டனை அழுத்திச் சோதியுங்கள். புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆள் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். கேஸ் கீசர் குளியலறைக்கு உள்ளே இருந்தால் வெளியே மாற்றுங்கள். இந்த ஒன்றுக்குச் செலவைக் காரணம் காட்டவே கூடாது.

மலை என்பதால் இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. சுமார் 2500 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறி வந்தால் பலருக்கும் உயரத்தால் வரும் உபாதை தொடங்கும், வந்து சேர்ந்த 6 முதல் 12 மணி நேரத்துக்குள். அதற்கு என்ன அறிகுறி? தலைவலி, குமட்டல், அசதி, தூக்கமின்மை. கிட்டத்தட்ட அதே பட்டியல். கல்யாண அலைச்சலுக்கும் அதே அறிகுறிதான், முந்தின ராத்திரி குடித்த மதுவுக்கும் அதே அறிகுறிதான். ஆகவே முதல் நாள் ராத்திரி இரண்டு பேருக்கும் தலை கனத்தால், களைப்பு, தூங்கினால் சரியாகிவிடும் என்று படுத்துவிடுவார்கள். ஒரே நேரத்தில் இருவருக்கும் தலைவலி என்றால் யோசித்துக்கொண்டிருக்காமல் முதலில் வெளியே வந்துவிட வேண்டும், காற்றுப்பட்டதும் குறைந்தால் திரும்ப உள்ளே போகாமல் உதவி கேட்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு தாள் போதும், கதவுக்குப் பின்னால் ஒட்டுவதற்கு. உயரம் எத்தனை மீட்டர் என்பதை விளம்பரத்திலேயே போடுங்கள், கர்ப்பமாக இருப்பவரும் இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவரும் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்வார்கள். வரவேற்புக்கு மது பாட்டில் வைப்பவர்கள் அதை முதல் ராத்திரிக்கு வைக்காமல் இருந்தால் நல்லது, மதுவும் தூக்க மாத்திரையும் உயரத்தில் நிலைமையை மோசமாக்கும்.

அடுத்தது ஏரி. எல்லாப் படங்களிலும் மரமேடையிலிருந்து குதிக்கும் ஒரு ஜோடி இருக்கிறது. அந்தத் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி என்று ஒரு படத்திலும் இல்லை. 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் தண்ணீரில் திடீரென்று இறங்கினால் உடம்பு தன்னையறியாமல் மூச்சை இழுக்கும், அந்தக் கணத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் அவ்வளவுதான். அப்புறம் ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு நம் பேச்சைக் கேட்காது. சுமார் 10 நிமிடத்தில் கைகாலில் வலு போய்விடும், நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும்தான். விறைத்துச் சாவதற்குப் பல நிமிடங்கள் முன்பே இதெல்லாம் நடந்து முடிந்துவிடும். கோடையில் மேல்மட்டம் இதமாக இருப்பதைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. வெயிலில் சூடான தண்ணீர் லேசாகி மேலே நிற்கும், சில மீட்டர் கீழே போனால் பனி உருகி வந்த குளிர் அப்படியே கிடக்கும், ஆழமான ஏரியில் அடிமட்டம் கோடையிலும் 4 டிகிரியை ஒட்டி இருக்கலாம். குதித்தவர் நேராக அங்கேதான் போகிறார். குதிக்காமல் மெதுவாக இறங்குங்கள், மூச்சு திணறினால் மல்லாந்து மிதந்து அது அடங்கும்வரை காத்திருங்கள் என்று மேடையிலேயே எழுதி வையுங்கள். ஏறி வருவதற்கு ஏணி வேண்டும், எறிவதற்குக் கயிறு கட்டிய மிதவை வேண்டும். படகு தருகிறீர்கள் என்றால் லைஃப் ஜாக்கெட் அளவு வாரியாக இருக்கட்டும், வருகிற இருவரும் ஒரே உடல்வாகு இல்லையே. ஒருவர் விழுந்தால் காப்பாற்ற இருப்பது அந்த இன்னொருவர் மட்டும்தான், அவரும் பதறிக் குதித்துவிடுவார். அதனால்தான் கயிறு.

அந்தரங்கம் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நீங்கள் பணம் வாங்குவதே அதற்குத்தான். ஏரியைப் பார்த்த முழுநீளக் கண்ணாடி வைக்கிறீர்கள், சரி. திரைச்சீலை ஏன் வைப்பதில்லை? ராத்திரி உள்ளே விளக்கு எரிந்தால் உள்ளிருப்பவருக்குக் கண்ணாடியில் தன் முகம்தான் தெரியும், எதிர்க்கரையிலும் படகிலும் இருப்பவருக்கு அறை முழுதும் தெரியும். பேச்சுக்கும் அதே கதி. சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ள காற்று கொஞ்சம் சூடாகவும் இருக்கும், அதனால் மேலே போகவேண்டிய ஒலி வளைந்து தண்ணீரை ஒட்டியே போகும். திண்ணையில் தாழ்ந்த குரலில் பேசுவது அக்கரையில் காதில் விழும். பக்கத்தில் வேறு குடில் இருந்தால் அதை மறைத்துப் படம் எடுக்காதீர்கள், இத்தனை தூரத்தில் ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். தெரிந்துவிட்டால் அதற்கேற்ப இருந்துகொள்வார்கள்.

கேமரா விஷயத்தில் எனக்குப் பொறுமையே கிடையாது. தங்கும் வீடுகளை வாடகைக்குப் பிடித்துத் தரும் இணையதளமான ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் பாதுகாப்புக் கேமரா வைப்பதை உலகம் முழுவதும் தடை செய்துவிட்டது, சொல்லிவிட்டு வைத்தாலும் கூடாது, வரவேற்பறையிலும் கூடாது. வெளியே இருந்தால் எங்கே இருக்கிறது என்று முன்பே சொல்லவேண்டும், அது வீட்டுக்குள் பார்க்கக் கூடாது. நீங்கள் அந்தத் தளத்தில் இல்லாவிட்டாலும் அந்த விதியை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய விருந்தினர் யாராவது எதையாவது வைத்துவிட்டுப் போயிருக்கலாம் என்பதால், சுத்தம் செய்பவரிடம் சார்ஜர், கடிகாரம், புகை அலாரம் இவற்றை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அங்கே படுக்கப்போவது ஒருவரையொருவர் நம்பி வந்திருக்கும் இரண்டு பேர். உங்களையும் நம்பித்தான் வந்திருக்கிறார்கள்.

பேசக் கூச்சப்படும் ஒன்று. புதிதாகத் திருமணமான பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று வருவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். எரிச்சலும் வலியும் ஒரே ராத்திரியில் தாங்க முடியாத அளவுக்குப் போகும், பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் வேண்டியிருக்கும், விட்டுவைத்தால் சிறுநீரகம்வரை ஏறும். மலையிலிருந்து இறங்கி மருந்துக்கடைக்குப் போக எவ்வளவு நேரம், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, ராத்திரி வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது, இதெல்லாம் எழுதி வைத்திருந்தால் புதுக் கணவரிடம் சொல்லவே தயங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண் யாரையும் கேட்காமல் தானே படித்துக்கொள்வாள். குடிதண்ணீர் ஏரியிலிருந்தோ ஓடையிலிருந்தோ வருகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். கொதிக்க ஆரம்பித்த பிறகு 1 நிமிடம், 2000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம் கொதிக்கவிட வேண்டும், ஏனென்றால் மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும் ஏரியிலும் கிருமி உண்டு.

மரக் குடிலில் படுக்கையைச் சுற்றி மெழுகுவத்தி அடுக்கி வைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பேட்டரி விளக்கு போதும், யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள்.

கடைசியாகத் தொடர்பு. சிக்னல் இல்லாததை ஒரு சிறப்பாகவே விளம்பரம் செய்கிறீர்கள், எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் அவசரத்துக்கு ஒரு வழி இருந்தே தீரவேண்டும்: தரைவழி போனோ, வாக்கி டாக்கியோ, செயற்கைக்கோள் போனோ, எதுவாவது. 2022-ல் வந்த ஐபோன் 14-லும் அதற்குப் பிறகு வந்த ஐபோன்களிலும் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் வசதி இருக்கிறது, ஆனால் எல்லா நாட்டிலும் வேலை செய்யாது, திறந்த வானமும் வேண்டும், அதை நம்பி நீங்கள் சும்மா இருக்க முடியாது. குடிலின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பெரிய எழுத்தில் கதவில் எழுதுங்கள், பதற்றத்தில் 'ஏரிக்குப் பக்கத்தில்' என்று மட்டும்தான் வாயில் வரும். இந்தக் குறிப்புகளை எல்லாம் அவர்கள் கிளம்பும் முன்பே, சிக்னல் இருக்கும் இடத்தில், இருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், யாரும் கதவைத் தட்டாமலே தினமும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. சாயங்காலம் ஒரு நேரத்தை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு வாசல் விளக்கைப் போட்டால் நலம் என்று அர்த்தம், உங்கள் ஆள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போய்விடலாம். விளக்கு எரியாவிட்டால் வாக்கி டாக்கியில் ஒருமுறை கூப்பிடட்டும், அதற்கும் பதில் இல்லை என்றால் மட்டும் கதவுக்கு வரட்டும். அந்த நேரத்தை முன்பதிவு செய்யும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், வந்த பிறகு கேட்டால் வெட்கத்தில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.