தடுப்பூசி நாளில் அம்மாவையும் ஒரு கேள்வி கேளுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் அரசுப் பள்ளி ஆசிரியை, வயது 47. இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சுகப்பிரசவம். சாக்பீஸ் தூசி பட்டால் எனக்குத் தும்மல் வரும். வரப்போகிறது என்று தெரிந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு கால்களைப் பின்னிக்கொள்வேன். ஆறு வருடமாகப் பள்ளிக்குக் கருநீலம், அரக்கு, கறுப்பு தவிர வேறு நிறத்தில் சேலை கட்டியதில்லை. ஈரம் தெரியக்கூடாதே! கைப்பையில் மடித்த பழைய வேட்டித் துணி எப்போதும் இருக்கும்.

இருமினால், சிரித்தால், குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிகிற தொல்லை இது. ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் வாய் திறந்து சொன்னேன். இன்னும் மூன்று பேர் "எனக்கும்தான் டீச்சர்" என்றார்கள். ஒருவர் பள்ளி விடும்வரை தண்ணீரே குடிப்பதில்லையாம். பாவம், சிறுநீர் அடர்த்தியானால் சிறுநீர்ப்பையை இன்னும் உறுத்தத்தான் செய்யும்.

நான் முதலில் பார்த்த மருத்துவர், "பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தாம்மா. ரொம்பத் தொந்தரவுன்னா கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றார். கர்ப்பப்பையை எடுப்பது இந்தக் கசிவுக்கு வைத்தியமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசை பிரசவத்தில் நெகிழ்ந்துவிடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

முழங்கால் வலிக்குப் போன இடத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அக்காதான் தானாகக் கேட்டார். "வாயு வெளியே போகாம அடக்குவீங்கல்ல, அந்த இடத்தை மேலே இழுங்க. வயித்தை எக்காதீங்க, மூச்சைப் பிடிக்காதீங்க." வேளைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். சரி, இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவர் கையுறை போட்டுச் சோதித்தபோது, மேலே இழுப்பதற்குப் பதில் நான் கீழே முக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் பலர் இப்படித்தான் செய்வார்களாம். அப்புறம் இன்னொரு வித்தை: தும்மல் வெடிப்பதற்கு ஒரு நொடி முன்பே தசையை இறுக்குவது. நான்காம் மாதம் வெளிர்மஞ்சள் சேலை கட்டிப் பள்ளிக்குப் போனேன்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்க மருத்துவர் ஆர்னல்டு கெகல் 1948லேயே எழுதிவிட்டார். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பில், இந்தக் கசிவு உள்ளவர்களில் பயிற்சி செய்த 100 பேரில் 56 பேர் குணமானதாகச் சொல்லியிருக்கிறார்கள். செய்யாத 100 பேரில் 6 பேர்தான். பிரான்சில் பிரசவம் ஆன பெண்ணுக்கு இந்தப் பயிற்சி அரசுக் காப்பீட்டிலேயே கிடைக்கிறது. பயிற்சி போதாதவர்களுக்குப் பிறப்புறுப்புக்குள் வைக்கும் சிலிக்கோன் வளையம் உண்டு. எடையைக் குறைப்பது, மலச்சிக்கலையும் நாள்பட்ட இருமலையும் கவனிப்பது எல்லாமே உதவும். சில பிபி மாத்திரைகளே வறட்டு இருமலைக் கிளப்பும். அதையும் விசாரிக்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள். பிபி, சுகர் பார்க்க வரும் பெண் தன்னார்வலர் "இருமினா கசியுதாம்மா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கட்டும். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் எப்படியும் வருவாள். அன்று எல்லாரும் குழந்தையைத்தான் பார்க்கிறார்கள். அவளையும் கேளுங்கள், தேவையென்றால் அன்றே பயிற்சிக்கு எழுதிக் கொடுங்கள்.

சொல்லிக்கொடுப்பவர் பெண்ணாக இருக்கட்டும். அறைக்குக் கதவு இருக்கட்டும், திரைச்சீலை போதாது.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை