லட்சத்தீவு கப்பல் பயணம்: பெற்றோர் கவனத்துக்கு

திருவாரூர் பெற்றோர் குழுவினருக்கு வணக்கம். அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளைக் (13–17 வயது) கூட்டிப்போவது பற்றிப் பேச, நவம்பர் 9, ஞாயிறு மாலை 5 மணிக்குக் கமலாலயம் வடகரையில் கூடுகிறோம்.

1. நுழைவு அனுமதி இல்லாமல் கொச்சியில் கப்பலேற முடியாது. ஆதார் நகலும் 3 படமும் அன்றே தந்துவிடுங்கள்.

2. கொச்சிக்குக் காரைக்கால்–எர்ணாகுளம் ரயில்.

3. பல தீவுகளில் கப்பல் பவளத்திட்டுக்கு வெளியே நிற்கும். சிறு படகுக்கு மாறித்தான் கரை சேர வேண்டும். படகு அலையில் ஏறி இறங்கும். அது மேலே வரும்போது, ஊழியர் கைகொடுத்த பிறகே காலெடுத்து வைக்க வேண்டும். பை முதுகில், இரண்டு கையும் காலி, செல்போன் பைக்குள். துறுதுறு பிள்ளைகள் தாவுவார்கள், இப்போதே சொல்லி வையுங்கள்.

4. குமட்டல் மாத்திரை டாக்டரைக் கேட்டு, கப்பலேறும் முன்பே. வாந்தி வந்தபின் போட்டால் தங்காது.

5. ஓடம்போக்கி ஆற்றில் நீந்தத் தெரிந்தாலும் கடலில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மூழ்குக் கண்ணாடியின் விளிம்பில் முடி சிக்கினால் தண்ணீர் புகும். கண்ணாடி போட்டு நீருக்கடியில் பார்க்கக் குப்புற மிதப்பதால் வெயிலில் முதுகு வெந்துவிடும்; முழுக்கை பனியன் 2.

6. பவளத்தை மிதிக்கவோ எடுக்கவோ கூடாது. எடுத்துவந்தால் வழக்கு.

வருவோர் பிள்ளையின் பெயர், வயது, நீச்சல் தெரியுமா என்பதை வெள்ளிக்குள் இங்கே பதிலிடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது!