அம்மாவுக்கு, கிளாஸ்கோவிலிருந்து

கிளாஸ்கோ
டிசம்பர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

சின்னவன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நல்லா இருக்கேன். நீ, அப்பா, அப்பத்தா, அக்கா எல்லாரும் சௌக்கியமா? உன் கடிதமும் பார்சலும் நேத்து வந்து சேர்ந்துச்சு. பருப்புப்பொடி டப்பா மூடி தளர்ந்திருந்துச்சு, ஆனா நீ பையை இறுக்கிக் கட்டியிருந்ததால ஒண்ணும் சிந்தலை. சாத்தூர் காராச்சேவு அப்படியே மொறுமொறுன்னு இருக்கு. மேல் வீட்டுப் பாட்டிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். கண்ணுல தண்ணி வந்தும் விடாம ரெண்டு கை எடுத்துக்கிட்டாங்க.

இங்கே இப்ப காலைல எட்டே முக்காலுக்குத்தான் விடியுது, சாயங்காலம் நாலு மணிக்குள்ள இருட்டிடுது. ஹீட்டர் எப்பவும் ஓடணும்னு இல்லை, ரெண்டு ஸ்வெட்டர் போட்டா போதும். கவலைப்படாதே.

கிறிஸ்துமஸ் நெருங்கிடுச்சு. கடையெல்லாம் ஜிகினாத் தாள் சுருள் சுருளா அடுக்கியிருக்கு. அப்பா பார்த்தா உடனே ஓரத்தைக் கிழிச்சுப் பார்ப்பார். லேமினேஷன் ஒட்டின தாளைக் கிழிச்சா பிலிம் இழுபடும்னு சின்ன வயசுல அச்சாபீஸ்ல காட்டுவாரே. இங்கே வேற வழி: கையில வச்சுக் கசக்கணும். கசங்கினது கசங்கினபடியே இருந்தா மறுசுழற்சிக்குப் போகும். விரிஞ்சு எழுந்தா பிளாஸ்டிக் கலந்தது, குப்பைதான். ஜிகினாத் தூள் தூவினதும் ஆகாது.

பாட்டி தாளே வாங்குறதில்லை. போன வருஷத் தாளைத் திருப்பிப் போட்டு, மேலே ஒரு துணி விரிச்சு, சூடு குறைச்சு இஸ்திரி போடுறாங்க. நானும் பக்கத்துல உட்கார்ந்து மடிச்சுக் கொடுத்தேன். செலோடேப் ஒட்டினா பிரிக்கும்போது தாள் கிழியுமாம், அதனால நூல்தான் கட்டுவாங்க. நீலப் பூப்போட்ட தாள் ஒண்ணு. அவங்க மகளுக்குப் போய், அடுத்த வருஷம் மகள்கிட்ட இருந்து இவங்களுக்கு வந்து, இப்படியே சுத்திக்கிட்டிருக்கு. நைஞ்ச ஓரத்தை ஒவ்வொரு தடவையும் நறுக்கிடுறாங்க. முன்னே கோட்டுப் பெட்டியைச் சுத்தின தாள், இப்ப ஒரு சோப்புக்கட்டியைத்தான் மூடும். போர்க்காலத்துல தாள் கிடைக்காம அவங்க அம்மா பழக்கினதாம்.

ஸ்காட்லாந்துல கிறிஸ்துமஸுக்குப் பொது விடுமுறை வந்ததே 1958-லதானாம். பாட்டி சிறுமியா இருந்தப்ப அவங்க அப்பா அன்னைக்கும் வேலைக்குப் போவாராம். சாயங்காலம் ஒரு சூப்பு, பிள்ளைக்கு ஒரு ஆரஞ்சுப் பழம், அவ்வளவுதான் பண்டிகை. நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்துலயும் இந்த வருஷம் சீட்டுக் குலுக்கி, வந்த பேருக்கு மட்டும் 5 பவுண்டுக்குள்ள ஒரு பரிசு. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு. யார் யாருக்கு என்ன வாங்கணும்ங்கிற தவிப்பே இல்லை.

சமையல்காரம்மா பேர் எனக்கு வந்துச்சு. நீ பொடி கட்டி அனுப்பின மஞ்சப்பையிலயே பரிசைப் போட்டுக் காதை முடிஞ்சு வச்சிருக்கேன். சித்தப்பா வீட்டுக் கல்யாணத் தாம்பூலப் பையை மட்டும் கொடுக்க மனசு வரலை. அதுல இன்னும் வெத்தலையும் மஞ்சளும் மணக்குது. அன்னைக்குப் பந்தியில நான் பரிமாற, அப்பத்தா எனக்குன்னு ஒரு இலை பிடிச்சு வச்சிருந்துச்சே. ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து கதவைத் திறந்தா, சாப்பிட்டியான்னு கேட்க ஒரு குரல் இல்லைம்மா.

ஒரு நல்ல சேதி. 31-ஆம் தேதி நடுராத்திரிக்கு மேல, கருத்த தலைமுடி உள்ள ஆம்பளை முதல் ஆளா வாசல் மிதிச்சா அந்த வீட்டுக்கு வருஷம் முழுக்க நல்லதுன்னு இங்கே ஐதீகம். கையில ஒரு கரித்துண்டு கொண்டு போகணும். பாட்டி என்னைத்தான் கூப்பிட்டிருக்காங்க. ஷிஃப்ட் மாத்திக் கேட்டிருக்கேன்.

இப்ப அக்கா வளைகாப்பு விஷயம். 300 பேருக்கு எவர்சில்வர் டப்பா வாங்கி ஜிகினாத் தாள் சுத்திக் கொடுக்கணும், அதுக்கு உன் ரெட்டை வடச் செயினை அடகு வைக்கலாம்னு எழுதியிருக்கே. வேண்டாம்மா. ஏற்கெனவே வளையல் பேங்க்ல இருக்கு. வட்டி கட்டுறது யாருன்னு யோசி. மஞ்சப்பையில தாம்பூலம், வளையல், ஒரு தேங்காய். போதும். பெரிய அத்தை ஏதாவது சொன்னா, 2021-ல அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு ஆரம்பிச்சதைச் சொல்லு. சுத்தின தாளை யாரும் வீடு வரைக்கும்கூடக் கொண்டு போகமாட்டாங்க. வர்றவங்க அக்கா முகத்தைப் பார்த்து வாழ்த்திட்டுப் போகட்டும். நீயும் அடுப்படியிலயே கிடக்காம மனையில அவ பக்கத்துல நில்லு.

இந்த மாசப் பணம் அடுத்த மாசம் 10-ஆம் தேதிக்கு மேலதான் வரும். சம்பளத் தேதியைத் தள்ளி வச்சிருக்காங்க, வேற ஒண்ணுமில்லை. சீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வை. அப்பாவுக்குக் காலண்டர் சீசன் இந்த மாசத்தோட முடியுமே, அதுக்கப்புறம் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. தேதி குறிச்சதும் எனக்கு எழுது. பை அடிக்கிற கடையில என்ன விலை சொல்றாங்கன்னும் கேட்டுச் சொல்லு.

உன்
சின்னவன்