அக்காவின் கேள்விக்குப் பதில்

ரோனோக், வர்ஜீனியா

அன்புள்ள பழனிச்சாமி,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷனை இன்னும் தள்ளிப்போடாதே. நான் செய்துகொண்டு ஒரு வருஷமாகிறது, மாடிப்படி ஏறி இறங்குகிறேன்.

அக்கா மகனுக்கு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் பெயரைக் கேட்டதும் அக்கா முகம் வாடிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். கோபிக்காரருக்கு அந்தப் பெயர் எப்படி மறக்கும்? கரட்டடிபாளையத்தில் பிறந்து பி.எஸ்.ஜி., கான்பூர் ஐ.ஐ.டி., பர்டியூ என்று படித்து வந்த பேராசிரியர் லோகநாதன் அங்கேதான் 2007 ஏப்ரல் 16 அன்று வகுப்பில் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் அங்கேயே படித்த ஒரு மாணவன், அன்று அவன் கொன்றது 32 பேரை.

“மனசு சரியில்லாதவன் என்று கோர்ட்டுக்கே தெரிந்த பையனுக்கு எவன் துப்பாக்கி விற்றான்?” என்று அக்கா கேட்டாராம். விற்றவர்கள் விதிப்படி சோதித்துத்தான் விற்றார்கள். கொடுமையே அதுதான்.

கட்டாயமாக மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களும், மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர் என்று நீதிமன்றம் முடிவு செய்தவர்களும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது இங்கே 1968 முதலே சட்டம். கடையில் வாங்குபவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அதில் இதற்கென்றே ஒரு கேள்வி உண்டு. பொய் சொன்னால் பிடிக்க 1998 முதல் எஃப்.பி.ஐ.யின் கணினிச் சோதனை இருக்கிறது. ஆனால் மாநிலங்கள் அனுப்பிய பெயர்தான் அந்தக் கணினிக்குத் தெரியும். அனுப்பியே தீர வேண்டும் என்று மத்திய அரசால் அவர்களுக்கு உத்தரவு போட முடியாது. மாநில அதிகாரிகளை அப்படி வேலை வாங்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 1997இல் சொல்லிவிட்டது.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். 2005 டிசம்பரில் ஒரு சிறப்பு நீதிபதி, இவன் தனக்கே ஆபத்தானவன் என்று முடிவு செய்து, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற உத்தரவிட்டார். மத்தியச் சட்டப்படி அதுவே போதும், அவனுக்குத் துப்பாக்கி கிடையாது. வர்ஜீனியாவோ மருத்துவமனையில் சேர்க்க உத்தரவான பெயர்களை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. வெளிநோயாளி என்பதால் அவன் பெயர் போகவில்லை. இரண்டு கடைகளில் இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினான், இரண்டு முறையும் தடையே வரவில்லை. இதில் இன்னொன்று: மனநலப் பெயர்களை அனுப்புவதில் அப்போது நாட்டிலேயே முன்னணியில் இருந்தது வர்ஜீனியாதான். மற்ற மாநிலங்களின் லட்சணத்தை நீயே யோசித்துக்கொள்.

சம்பவம் நடந்த அதே மாதம் கவர்னர் டிம் கெய்ன் அந்த ஓட்டையை அடைத்தார். 2008 ஜனவரியில் மாநிலங்களுக்குப் பணம் கொடுத்துப் பெயர்களை வாங்கும் மத்தியச் சட்டமும் வந்தது. நோயின் விவரம் எதுவும் அந்தப் பட்டியலுக்குப் போகாது, ஆளை அடையாளம் காட்டும் தகவல் மட்டும்தான்.

சரி, பட்டியலை நீட்டிக்கொண்டே போனால் தீர்ந்துவிடுமா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. மனநலக் காரணத்தால் அரசு உதவித்தொகையைத் தாமே கையாள முடியாமல் வேறொருவர் மூலம் பெறுகிறவர்களையும் சேர்க்க ஒபாமா அரசு ஒரு விதி போட்டது. 2017இல் அது ரத்தானது. டிரம்ப் கட்சிக்காரர்கள் ரத்து செய்தார்கள் என்று இங்குள்ள நம் நண்பர்கள் திட்டினார்கள். ஆனால் மாற்றுத்திறனாளி அமைப்புகளும் ஏ.சி.எல்.யு. என்ற குடிமை உரிமை அமைப்பும்கூட அந்த விதியை எதிர்த்தன. கணக்கு வழக்கு பார்க்கத் தெரியாதவன் எல்லாம் கொலைகாரனா? நான் அவர்கள் பக்கம்தான்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் மான் வேட்டைக்குப் போகிறவர். மனைவி இறந்தபின் தூக்கமே இல்லை. டாக்டரிடம் வாருங்கள் என்றால், “அப்புறம் என் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொள்வார்கள்” என்று மறுத்துவிட்டார். தானாகப் போய் டாக்டரைப் பார்ப்பதால் அப்படி எதுவும் ஆகாது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. 2021இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000 பேருக்கும் மேல். அதில் 26,000 பேருக்கு மேல் தற்கொலை. எனக்குப் பயம் எல்லாம் இவரைப் போன்றவர்களை நினைத்துத்தான். எந்தக் கணினியிலும் இவர் பெயர் கிடையாது, துப்பாக்கி வாங்கியும் முப்பது வருஷம் ஆயிருக்கும்.

அதனால் 2020இல் வர்ஜீனியாவில் வந்த சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒருவர் ஆபத்தான நிலையில் இருக்கிறார் என்று போலீஸ் விசாரித்து மனுப் போட்டால், நீதிமன்றம் 14 நாளுக்குத் துப்பாக்கியை வாங்கி வைக்கலாம். விசாரணைக்குப் பின் 180 நாள்வரை நீட்டிக்கலாம். அவர் இப்போது என்ன செய்கிறார் என்பதுதான் அங்கே கேள்வி, மருத்துவச் சீட்டு அல்ல. பெரியவரின் மகளிடம் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்காவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். பையனிடம் மட்டும் ஒன்று சொல். அங்கே மனசு கஷ்டமாக இருந்தால் பல்கலைக்கழகக் கவுன்சிலரிடம் தயங்காமல் போகட்டும், அதனால் எந்தப் பட்டியலிலும் பெயர் ஏறாது. மாணவர் விசாவில் வருகிறவனுக்குப் பொதுவாகத் துப்பாக்கியே விற்க மாட்டார்கள், அது வேறு விஷயம்!

விமான டிக்கெட் போட்டதும் தேதியை எழுது. ரோனோக் ஏர்போர்ட்டுக்கு நானே போய்க் கூட்டிவருகிறேன். அக்காவை இட்லிப் பொடி மட்டும் கொடுத்து அனுப்பச் சொல், அரிசி மூட்டை வேண்டாம்.

அன்புடன்,
உன் சுப்பு