வெட்டிய காசு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஈஸ்ட்ஹாம் வாசகர் ஒருவர், பிரித்தானிய அரசு வெளிநாடுகளுக்கு அள்ளிக் கொடுக்கும் காசை நிறுத்தி ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டிருந்தார். அவருடைய கோபம் எனக்கும் உண்டு. இடுப்பெலும்பு முறிந்து கிடந்த என் மாமியை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டொக்டர் சொன்ன பிறகும், ஐந்து வாரம் அதே கட்டிலில்தான் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்க்க கெயரர் (பராமரிப்பாளர்) கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் நாளொன்றுக்கு 12,000 பேர் அளவில் இப்படித்தான், போகலாம் என்ற பிறகும் போக வழியில்லாமல் படுத்திருக்கிறார்கள். அந்தக் கட்டிலுக்காக இன்னொருவர் கீழே நடைவழியில் தள்ளுவண்டியில் கிடப்பார்.

ஆனால் காசு எங்கே போகிறது என்று பார்த்துவிட்டல்லவா கோபப்பட வேண்டும்? உதவியைத்தான் வெட்டிவிட்டார்களே. 2025 பெப்ரவரியில் பிரதமர் ஸ்டார்மர், தேசிய வருமானத்தில் 0.5 வீதமாக இருந்த வெளிநாட்டு உதவி 2027-ல் 0.3 வீதமாகும் என்றார். மிச்சம் பிடிக்கும் காசு பாதுகாப்புச் செலவுக்கு என்று அவரே நாடாளுமன்றத்தில் சொன்னார். ஆஸ்பத்திரிப் பேச்சே அதில் இல்லை. அபிவிருத்தி அமைச்சர் அனெலீஸ் டொட்ஸ் அந்த வாரமே பதவி விலகினார். இத்தனைக்கும் 0.7 வீதம் கொடுக்க வேண்டும் என்று 2015-ல் போட்ட சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது.

அதைவிட எனக்கு எரிச்சல் தந்தது இன்னொன்று. 2023-ல் உதவி என்று காட்டிய 15.3 பில்லியன் பவுண்ஸில் 4.3 பில்லியன் இந்த நாட்டை விட்டு வெளியே போகவே இல்லை. அகதிகளுக்கும் தஞ்சம் கேட்டவர்களுக்கும் இங்கேயே செலவானது. அதில் பெரும்பங்கு ஹோட்டல் வாடகை. முதல் 12 மாதச் செலவை உதவிக் கணக்கில் எழுத சர்வதேச விதி இடம் கொடுக்கிறது, எழுதிவிட்டார்கள். அப்படியென்றால் 'வெளிநாட்டுக்குக் கொடுக்கிறான்' என்று ஒருமுறை திட்டுகிறோம், 'அகதியை ஹோட்டலில் வைக்கிறான்' என்று இன்னொருமுறை திட்டுகிறோம். பாதிக்குப் பாதி இல்லாவிட்டாலும், கால்வாசிக்கு மேல் ஒரே காசு.

நான் 1998-ல் தஞ்சம் கேட்டு வந்தவன். அப்போது ஆறு மாதத்துக்குள் முடிவு வராவிட்டால் வேலை அனுமதி கேட்கலாம். கேட்டேன், கிடைத்தது, பெற்றோல் செட்டில் இரவு வேலை, வாரக்கடைசியில் வரி பிடித்த சம்பளம். 2002-ல் அந்த வழியை அடைத்தார்கள். இன்றைக்கு 12 மாதம் போன பிறகுதான் கேட்கவே முடியும், அதுவும் அரசின் பட்டியலில் உள்ள வேலைகளுக்கு மட்டும். வேலையும் தராமல், முடிவும் சொல்லாமல் வைத்திருந்தால் ஹோட்டல் பில் கூடாமல் என்ன செய்யும்?

உதவிக் காசெல்லாம் வீண் என்றும் அந்த வாசகர் எழுதியிருந்தார். இலங்கையின் வடக்கே போர் நடந்த முகமாலைப் பக்கம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே மிதிவெடி கிண்டிய ஹலோ டிரஸ்டுக்குப் பணம் கொடுத்த அரசுகளில் பிரித்தானியாவும் ஒன்று.

அப்புறம் 'வந்தவர்கள் ஓசியில் வைத்தியம் பார்க்கிறார்கள்' என்ற கதை. நம் கோயில் மண்டபத்திலேயே, அதுவும் நம் ஆட்களின் வாயால் கேட்கிறேன். வேலை விசாவில் வருபவர் ஆண்டுக்கு 1,035 பவுண்ஸ் சுகாதாரக் கட்டணம் கட்ட வேண்டும். ஐந்து வருட விசா என்றால் 5,175, விண்ணப்பத்தோடேயே, ஒரு ஆளுக்கு. 2015-ல் தொடங்கியபோது இது 200 தான். வந்த பிறகு சம்பளத்தில் வரியும் தேசிய காப்புறுதியும் மற்றவர்களைப் போலவே பிடிபடும். சுகாதார, பராமரிப்பு விசாவில் வருபவர்களுக்கு இந்தக் கட்டணத்தில் விலக்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பராமரிப்பு விசாவை 2022-ல் ஆள் போதவில்லை என்று கெயரர்களுக்கும் அரசாங்கமே திறந்துவிட்டது. 2024 மார்ச்சில் கெயரர்கள் பிள்ளை குட்டியைக் கூட்டி வரக்கூடாது என்றது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக கெயரர்களை எடுப்பதையே மூடிவிட்டது. மாமி ஐந்து வாரம் எதற்குக் காத்திருந்தார் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

கடைசியில் மாமிக்கு வந்து சேர்ந்தவர் கோட்டயத்துப் பெண். காலை ஏழு மணிக்கு வந்து குளிப்பாட்டி, தலை இழுத்துவிட்டுப் போவார். அவர் மலையாளம், மாமி யாழ்ப்பாணத் தமிழ்; இருவருக்கும் எல்லாம் விளங்குகிறது. 2024 கடைசியில் வந்ததால் மகனை ஊரில் தாயாரிடம் விட்டிருக்கிறார். அவனுக்கு இப்போது ஐந்து வயது. நிரந்தர வதிவிடம் கேட்க ஐந்து வருடம் என்று நம்பி வந்தவர். இப்படி வந்தவர்களுக்கு அதைப் பதினைந்து ஆக்கும் யோசனையை 2025 நவம்பரில் அரசு வெளியிட்டது. 'இந்தப் பிள்ளை எப்போது மகனைக் கூப்பிடலாம்?' என்று மாமி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

சி. ம.,
ஹரோ, லண்டன்